ஓர் அன்ரெனா, நான்கு அறைகள், கழற்றி வைத்த ஒரு பூஸ்டர்

வடமேற்கு லண்டனின் ஹரோப் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1930களில் கட்டப்பட்டது. ஒரு பக்கச் சுவரை அயல்வீட்டுடன் பகிர்ந்துகொள்ளும், மூன்று படுக்கையறைகள் கொண்ட வீடு. வாங்கும்போதே புகைபோக்கியில் ஓர் அன்ரெனா நின்றது. வரவேற்பறை, குசினி, மாமாவும் மாமியும் இருக்கும் மாடி முன்னறை, பிள்ளைகளின் சிறிய அறை என நான்கு இடங்களில் சுவரில் அன்ரெனா சொக்கற்றும் இருந்தது. நான்கிலும் படம் வரும் என்று நம்பித்தான் குடிபுகுந்தோம். வரவேற்பறையில் எச்டி சனல்கள் அடிக்கடி கட்டங்கட்டமாக உடைந்தன. குசினியில் சில சனல்கள் வந்தன, சில வரவேயில்லை. பிள்ளைகளின் அறையில் ஒன்றுமே இல்லை. மாமாவின் அறையில் மட்டும் படம் துல்லியமாக இருந்தது, ஆனால் இரவு பத்து மணிக்குப் பிறகு அதுவும் நின்றுவிடும்.

இணையத்திலேயே எல்லாம் வருகிறதே, அன்ரெனா எதற்கு என்று மைத்துனர் கேட்டார். மாமா பார்ப்பது பிபிசியில் வரும் ஸ்னூக்கர் ஆட்டம். ரிமோற்றில் ஒன்றை அழுத்தினால் பிபிசி வரவேண்டும், அதற்கு மேல் கடவுச்சொல், செயலி, கணக்கு என்று எதுவும் அவருக்கு வேண்டாம். நாடு முழுவதும் வான்வழியே இலவசமாக வரும் ஃபிரீவியூ ஒளிபரப்புக்கு 2034 வரை உரிமம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சி அனுமதிப்பத்திரமும் ஒரு முகவரிக்கு ஒன்றுதான், ஒரே குடும்பம் எத்தனை பெட்டி வைத்திருந்தாலும் இரண்டாவது தேவையில்லை. ஆகவே சில வார இறுதிகளைச் செலவழித்து இதைச் சரிசெய்வது வீண்வேலை அல்ல என்று முடிவுசெய்தேன்.

முதலில் மாமாவின் இரவுச் சிக்கல். இரவில் நிற்கும் படம் காலையில் எட்டு மணியளவில் தானாகத் திரும்பி வந்தது. கூரையில் எங்கோ கேபிளுக்குள் ஈரம் இறங்குகிறது, இரவுக் குளிரில் பனி படிந்து சிக்னல் விழுகிறது, வெயில் ஏற ஈரம் காய்ந்து படம் வருகிறது என்று நானே ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டு ஏறத்தாழ மூன்று வாரம் அதை நம்பினேன். ஒரு நாள் வரவேற்பறைத் தொலைக்காட்சியின் பின்னால் விழுந்த பிள்ளையின் பென்சிலை எடுக்கக் குனிந்தபோதுதான் சுவரோரம் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியைக் கண்டேன். மின்சாரப் பிளக்கில் செருகியிருந்தது, ஒரு பக்கம் அன்ரெனா கேபிள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. கேபிளைக் கழற்றி நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்தேன். 12 வோல்ற் நேர்மின்னோட்டம் இருந்தது.

அதாவது புகைபோக்கியில் அன்ரெனாவுக்கு அருகில், சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர் இருக்கிறது, அதற்கு வேண்டிய மின்சாரம் சிக்னல் இறங்கிவரும் அதே கேபிள் வழியாகக் கீழிருந்து மேலே போகிறது. அந்தச் சொக்கற்றின் சுவிச்சை யார் நிறுத்தினாலும் வீடு முழுவதற்கும் சிக்னல் நின்றுவிடும். யார் நிறுத்துகிறார்கள் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. மாமி சொன்னார்: “இரவில பிளக் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுத்தானே தம்பி படுக்கவேணும்.” யாழ்ப்பாணத்தில் இடி மின்னலுக்குப் பயந்து ஐம்பது வருடம் செய்த காரியத்தை லண்டனில் விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்வது பிழையும் அல்ல. ஒருவர் சுவிச்சை நிறுத்தினால் நான்கு அறைகளும் இருண்டுபோகும் அமைப்புத்தான் பிழை. அந்தச் சுவிச்சின்மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிட்டு மற்ற அறைகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் நான் செய்த தவறையும் சொல்லவேண்டும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் அன்ரெனாவை உயரமான இரும்புக் குழாயில் கட்டி, கொடைக்கானல் மலையில் இருந்த தூரதர்ஷன் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித் திருப்பி வைப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறத்தாழ 280 கிலோமீற்றர். கோபுரம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயரமான மலையில் நின்றதாலும் இடையில் பெரும்பகுதி சமதரையும் கடலுமாக இருந்ததாலும் அந்தத் தூரத்துக்கும் ஏதோ வந்து சேர்ந்தது. ஒருவர் முற்றத்தில் குழாயைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே இருந்து “வந்திட்டுது, வந்திட்டுது, விடாத!” என்று கத்த, திரையில் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே யாரோ பாடிக்கொண்டிருப்பது தெரியும். அங்கே பூஸ்டர் இல்லாமல் முடியாது. படம் சரியில்லை என்றால் பூஸ்டர் போடு என்பது அப்போது மண்டையில் ஏறிய பாடம். அதே பாடத்தோடு நான் ஒரு கடைக்குப் போய் 15 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு) பெருக்கம் தரும் இரண்டாவது பூஸ்டரை வாங்கிவந்து குசினித் தொலைக்காட்சிக்குப் பின்னால் பொருத்தினேன். வராத சனல்கள் அப்போதும் வரவில்லை, வந்துகொண்டிருந்தவற்றில் இரண்டு உடையத் தொடங்கின.

தொலைக்காட்சியின் மெனுவில் சிக்னல் வலிமை என்று ஒரு பட்டை, சிக்னல் தரம் என்று ஒரு பட்டை இருக்கும். குசினியில் வலிமை ஏறியிருந்தது, தரம் ஏறவில்லை. வரவேற்பறையில் அதைவிட விசித்திரம்: வலிமை எப்போதும் நூறு, தரம் நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. பழைய அனலொக் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் புள்ளிகள் தெரியும், தெறித்து வந்தால் நிழலுருவம் தெரியும், அளவுக்கு மிஞ்சினால் வேறு சனலின் கோடுகள் குறுக்கே ஓடும். கண்ணாலேயே நோயைச் சொல்லிவிடலாம். டிஜிற்றலில் அது முடியாது. சிக்னல் போதாவிட்டாலும் படம் கட்டங்கட்டமாக உடையும், அளவுக்கு மிஞ்சினாலும் அதேபோல உடையும். எங்கள் வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நோயும் அந்தப் பக்கம் மற்ற நோயும் இருந்தன, இரண்டுக்கும் நான் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்ததும் சில பவுண் விலையில் ஓர் அற்றெனுவேற்றர் வாங்கினேன். சிக்னலை வேண்டுமென்றே குறைக்கும் சுண்டுவிரல் அளவான உருளை அது, திருகினால் 0 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். வரவேற்பறைத் தொலைக்காட்சியின் பின்னால் அதைச் செருகி, எச்டி சனலை வைத்துவிட்டு மெல்ல மெல்லத் திருகினேன். பாதிக்கு மேல் திருகியதும் படம் உடையாமல் நிலையாக நின்றது. தரப் பட்டை நூறுக்கு ஏறி அசையாமல் இருந்தது. சிக்னலைக் குறைத்ததால் படம் சரியானதை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் என்னை நம்பாமல் உருளையைத் திருகி இரண்டு முறை படத்தை உடைத்துப் பார்த்தார்.

ஏன் இப்படி என்பதற்கு அந்தப் பூஸ்டரின் வயதில் விடை இருந்தது. ஹரோவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில் கிறிஸ்டல் பலஸ் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது, உயரம் 219 மீற்றர். லண்டனில் அனலொக் ஒளிபரப்பு 2012 ஏப்ரல் 18ஆம் திகதி முற்றாக நிறுத்தப்படும் வரை, டிஜிற்றல் சிக்னல் அனலொக்குடன் மோதாதபடி மிகக் குறைந்த வலுவில்தான் அனுப்பப்பட்டது. அந்தக் காலத்தில் ஃபிரீவியூ பார்க்க விரும்பிய பல வீடுகளில் புகைபோக்கியில் பூஸ்டர் ஏறியது. அனலொக் போனதும் கிறிஸ்டல் பலஸின் டிஜிற்றல் தொகுதிகள், அதாவது ஒரே அலைவரிசையில் பல சனல்களைச் சேர்த்து அனுப்பும் கட்டுகள், 200 கிலோவாற் அளவுக்கு உயர்த்தப்பட்டன. கோபுரம் பலமாகிவிட்டது, பூஸ்டரை இறக்க ஒருவரும் கூரைக்கு ஏறவில்லை.

இதன்பின் ஊகத்தை விட்டுவிட்டு அளக்கலாம் என்று தீர்மானித்தேன். தமிழ் வீடுகளுக்கு டிஷ் பூட்டுவதை முன்பு பகுதிநேரத் தொழிலாகச் செய்த ஒரு நண்பர் தன்னுடைய கையடக்க சிக்னல் மீற்றரை ஒரு வார இறுதிக்குக் கொடுத்தார். அது டெசிபல் மைக்ரோவோல்ற் என்ற அலகில் காட்டும், 60 என்றால் ஒரு மில்லிவோல்ற். ஒரு தொலைக்காட்சிக்கு 45 முதல் 65 வரை இருப்பது நல்லது. வரவேற்பறைச் சொக்கற்றில் 84 காட்டியது. குசினியில் பெரும்பாலானவை 50க்கு அருகில் இருக்க, இரண்டு தொகுதிகள் மட்டும் 38க்கு விழுந்திருந்தன. அப்படி ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் குழிவிழுந்தால் உடனே அன்ரெனாவைக் குறைசொல்லக்கூடாது, பெரும்பாலும் வழியில் எங்கோ கேபிள் ஒட்டு சரியில்லை என்று பொருள். பிள்ளைகளின் அறையில் வெறும் இரைச்சல் மட்டுமே.

குசினிக் கேபிளைப் பின்தொடர்ந்து வரவேற்பறையின் தரைப்பலகை ஒன்றைக் கிளப்பியபோது ஒட்டு அகப்பட்டது. மண்ணிறக் கேபிள் இரண்டின் நடுக்கம்பிகளை ஒன்றாக முறுக்கி, வெளிப்பின்னல்களை ஒன்றாக முறுக்கி, மின்சார வேலைக்குப் பயன்படும் திருகாணித் துண்டொன்றில் இறுக்கி, மேலே கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். அதே இடத்திலிருந்து மூன்றாவது கேபிள் ஒன்றும் கிளம்பி மேல்மாடிக்குப் போயிற்று. வீட்டு விளக்குக்கு வயர் இழுப்பதுபோல இழுத்திருக்கிறார்கள். தொலைக்காட்சிக் கேபிள் சிக்னலுக்கு 75 ஓம் தடையாகத் தெரியும்படி செய்யப்பட்டது. அப்படியான ஒன்றோடு இன்னும் இரண்டை அப்படியே சேர்த்தால், வரும் சிக்னலுக்கு அந்த இடம் 37.5 ஓமாகத் தெரியும். பொருந்தாத அந்த இடத்தில் ஒரு பகுதி திரும்பித் தெறிக்கும், தெறித்தது போனதோடு மோதி, கேபிளின் நீளத்தைப் பொறுத்துச் சில அலைவரிசைகளை மட்டும் விழுங்கிவிடும். என்னுடைய புதிய பூஸ்டர் இந்தச் சிதைந்த சிக்னலைச் சிதைவோடு சேர்த்துப் பெருக்கியது. கெட்டுப்போன சிக்னலின் அளவைப் பூஸ்டர் கூட்டும், தரத்தைத் திருப்பித் தராது. பலமான சிக்னல்களை அது இன்னும் பலமாக்கிக் கெடுத்ததுதான் மிச்சம்.

இருப்பதை ஒட்டுப்போடுவதைவிட முழுவதையும் புதிதாக இழுப்பது என்று முடிவாயிற்று. முதலில் கடதாசியில் கணக்கு. அன்ரெனாவிலிருந்து ஒரு கேபிள் கூரைக்குக் கீழுள்ள லொஃப்ட்டுக்கு வரும். அங்கே ஒரு ஸ்பிளிற்றர், அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் இடையில் எந்த ஒட்டும் இல்லாத தனிக் கேபிள். சக்கரத்தின் ஆரக்கால்கள்போல. ஸ்பிளிற்றர் சிக்னலைச் சும்மா பிரித்துத் தராது, பிரிப்பதற்குக் கூலி எடுக்கும். இரண்டாகச் சரிபாதி பிரித்தாலே 3 டெசிபல் போகும், நடைமுறையில் 3.5 முதல் 4. நான்காகப் பிரிக்க 7 முதல் 8. நல்ல கேபிளில் எங்கள் அலைவரிசையில் பத்து மீற்றருக்கு 1.5 முதல் 2 டெசிபல் இழப்பு. சுவர்ச் சொக்கற்றுக்கு ஒன்று.

அன்ரெனா முனையில் பூஸ்டர் இல்லாமல் எவ்வளவு வருகிறது என்பதுதான் தெரியவேண்டிய எண். வரவேற்பறையில் 84. அதற்கு முன் ஒரு பிரிப்புக்கு 4, பதினைந்து மீற்றர் பழைய கேபிளுக்கு 4 கூட்டினால் பூஸ்டரிலிருந்து வெளியேறும் இடத்தில் 92. வெள்ளைப் பெட்டியில் எழுதியிருந்தபடி பூஸ்டரின் பெருக்கம் 26. கழித்தால் 66. அந்த 66இலிருந்து லொஃப்ட்டுக்கு இறங்கும் கேபிளுக்கு 1, ஸ்பிளிற்றருக்கு 8, மிகத் தூரமான குசினிக்கு இருபது மீற்றர் கேபிளுக்கு 3.5, சொக்கற்றுக்கு 1. மிச்சம் 52.5. மிகக் கஷ்டமான அறைக்கே தேவைக்கு மேல் இருந்தது. இரண்டு பூஸ்டர் ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு பூஸ்டரும் தேவைப்படவில்லை. கணக்கை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன், அப்போதும் அதே விடைதான்.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மலைக்குப் பின்னாலோ, கோபுரத்திலிருந்து மிகத் தூரத்திலோ உள்ள வீட்டில் அன்ரெனா முனையில் 45 மட்டும் வந்தால், நான்காகப் பிரித்துக் கேபிளில் அனுப்பினால் அறைக்கு 32தான் போய்ச் சேரும். அங்கே பூஸ்டர் வேண்டும், அதையும் அன்ரெனாவுக்கு மிக அருகில், இழப்புகள் தொடங்குவதற்கு முன்பே வைக்கவேண்டும். இழந்த பிறகு தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கினால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். அதோடு, பூஸ்டர் உள்ள வீட்டில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பக்கத்து அலைவரிசைகளில் அனுப்புவதும் பூஸ்டருக்குள் புகுந்து தொல்லை தரும், அதற்கென்று ஒரு வடிகட்டி போடவேண்டியும் வரலாம். பூஸ்டர் இல்லாத எனக்கு அந்தச் செலவு மிச்சம்.

புகைபோக்கிக்கு நான் ஏறவில்லை. வழுக்கும் ஓட்டில் ஈரநாளில் ஏணி வைப்பது எனக்குத் தெரிந்த வேலை அல்ல. ஒரு தொழில்காரரை ஒரு மணி நேரத்துக்கு அழைத்தேன். அவர் இறக்கிக் கொடுத்த பூஸ்டரின் மூடியைத் திறந்தபோது அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் நின்றது, செப்புத் திருகாணிகள் பச்சை பூத்திருந்தன. அன்ரெனாவிலும் முன்பக்கக் குச்சிகள் இரண்டைக் காணவில்லை. இந்தப் பகுதியில் பச்சைக்கிளிகள் கூட்டமாக வந்து உட்காரும், அவற்றின் வேலையாக இருக்கலாம். அதனால் அதையும் மாற்றி லொக் பீரியாடிக் வகை அன்ரெனா ஒன்றைப் பூட்டச் சொன்னேன். பெருக்கம் குறைவுதான், ஆனால் எல்லா அலைவரிசைகளையும் சமமாகப் பிடிக்கும், பின்னாலிருந்து வருவதை நன்றாகத் தள்ளும், காற்றுக்கும் தாங்கும். கிறிஸ்டல் பலஸ் அலைகளைக் கிடையாக அனுப்புவதால் குச்சிகள் தரைக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். இறங்கிய கேபிள் முனையில் மீற்றர் 68 காட்டியது. கணக்கில் நான் அந்த இடத்துக்கு எதிர்பார்த்தது 65.

கேபிள் வாங்கும்போது விலையைப் பார்க்காமல் பின்னலைப் பார்த்தேன். மலிவான மண்ணிறக் கேபிளின் மேலுறையைச் சீவினால் செப்புப்பின்னல் கிழிந்த மீன்வலைபோல இருக்கும், இடைவெளியில் உள்ளே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் தெரியும். தெரிகிற அந்த வெள்ளை வழியாகத்தான் வெளியிலுள்ள இரைச்சல் உள்ளே வரும். நல்ல கேபிளில் வெள்ளையைச் சுற்றி முழுச் செப்புத்தாள், அதற்கு மேல் நெருக்கமான செப்புப்பின்னல். ஐம்பது மீற்றர் சுருள் ஒன்றும், எஃப் வகைத் திருகு முனைகள் கொண்ட நான்குவழி ஸ்பிளிற்றரும் வாங்கினேன். நான்கு வாயும் எனக்குப் பயன்பட்டன. ஒன்று சும்மா இருந்தால் அதைத் திறந்து விடாமல் 75 ஓம் மூடி ஒன்றைத் திருகிவிடவேண்டும், இல்லாவிட்டால் அந்த வாயிலிருந்தும் தெறிப்பு வரும்.

லொஃப்ட் வேலை உடம்புக்குக் கஷ்டம், அவ்வளவுதான். குறுக்கு மரத்தின் மேல்தான் முழங்காலை ஊன்றவேண்டும், இடையில் ஊன்றினால் கீழறையின் கூரை உடைந்து கால் தொங்கும். கண்ணாடிப் பஞ்சு இரண்டு நாள் அரித்தது. குசினிக்கும் வரவேற்பறைக்கும் கேபிளை வெளிச்சுவர் வழியாக இறக்கினேன். சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரிவாகப் போட்டேன், மழைத்தண்ணீர் துளை வழியாக உள்ளே ஏறாது. கேபிளையும் நேராகத் துளைக்குள் நுழைக்காமல், துளைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி வளைத்து மேலே ஏற்றி நுழைத்தேன், ஓடிவரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். வளைவு இறுக்கமாக இருக்கக்கூடாது. மடிந்த கேபிளில் நடுக்கம்பி ஒருபக்கம் ஒதுங்கிவிடும்.

நேரம் பிடித்தது எஃப் கனெக்ரர்கள்தான். மேலுறையை ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுக்குச் சீவவேண்டும், கத்தி பின்னலை வெட்டிவிடக்கூடாது. பின்னலையும் செப்புத்தாளையும் மேலுறையின்மேல் பின்னோக்கி மடிக்கவேண்டும். வெள்ளைப் பிளாஸ்ரிக்கைச் சீவி நடுக்கம்பியை வெளியே எடுத்து, கனெக்ரரை மடித்த பின்னலின்மேல் திருகி ஏற்றும்போது வெள்ளைப் பகுதி உள்ளே தளத்தோடு தளமாக வந்து நிற்கவேண்டும். நடுக்கம்பி கனெக்ரரின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். நீளம் கூடினால் எதிர்ச் சொக்கற்றைக் கெடுக்கும், குறைந்தால் தொடாது. முதல் மூன்றையும் வெட்டி எறிந்தேன்.

எல்லாம் பூட்டி முடித்து அளந்தபோது வரவேற்பறையில் 56, குசினியில் 55, மாமாவின் அறையில் 58. பிள்ளைகளின் அறையில் பழையபடி ஒன்றுமில்லை. பழைய கேபிளின் சாபம் புதிய கேபிளுக்கும் தொற்றிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. இரண்டு முனைகளையும் ஸ்பிளிற்றரிலும் சொக்கற்றிலும் இருந்து கழற்றிவிட்டு, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்தேன். தொடர்பே இருக்கக்கூடாத இடத்தில் மீற்றர் கீச்சிட்டது. முனைகளைக் கழற்றாமல் பார்த்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், ஏனென்றால் சில ஸ்பிளிற்றர்களும் சொக்கற்றுகளும் நேர்மின்னோட்டத்துக்கு உள்ளேயே இணைந்த மாதிரித் தெரியும். லொஃப்ட் முனைக் கனெக்ரரைத் திறந்து ரோச் வெளிச்சத்தில் பார்த்தபோது, தலைமயிரை விட மெல்லிய ஒரே ஒரு பின்னல் இழை மடியாமல் முன்னால் வந்து நடுக்கம்பியில் சாய்ந்து கிடந்தது. ஊசியால் அதை விலக்கி, முனையை வெட்டி மறுபடி செய்தேன். அந்த அறையிலும் 58 வந்தது.

அடுத்தது சனல் தேடல். ஹரோவில் வேறு கோபுரங்களின் சிக்னலும் மெல்லியதாக வந்து சேரும். தொலைக்காட்சி தானாகத் தேடும்போது சில சமயம் அதையும் பிடித்து, ஒரே சனலை 800க்கு மேற்பட்ட எண்களில் இரண்டாம் முறை போட்டுவைக்கும், சில வேளை பலவீனமானதை முதலாம் இடத்திலேயே வைத்துவிடும். கிறிஸ்டல் பலஸின் ஆறு பிரதான தொகுதிகளும் யூஎச்எஃப் எனப்படும் தொலைக்காட்சி அலைவரிசைகளில் 22, 23, 25, 26, 28, 30 ஆகிய எண்களில் இருக்கின்றன, எல்லாமே 30க்குள். தேடல் 21இலிருந்து 48 நோக்கி ஏறும். அதனால் தேடலைத் தொடங்கி, எண் 30ஐக் கடந்ததும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, தேடல் முடிந்தபின் மறுபடி செருகினால் வேறு கோபுரம் பட்டியலுக்குள் வராது. கைமுறையாக ஒவ்வோர் எண்ணையும் கொடுத்துத் தேடும் வசதி எங்கள் நான்கு பெட்டிகளில் இரண்டில்தான் இருந்தது, மற்ற இரண்டுக்கும் இந்தத் தந்திரமே கைகொடுத்தது.

ஒரு வாரத்துக்குப் பிறகு குசினியில் ஒரு புதிய முறைப்பாடு. பிபிசி எச்டி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், இடையில் ஒரு நொடி படம் உறைந்து சத்தம் விக்கும், பிறகு சரியாகிவிடும். அரை மணிக்கு ஒரு முறை. சிக்னல் அளவும் தரமும் நன்றாகவே இருந்தன. மாமி சமைத்துக்கொண்டே பார்ப்பவர், அவர்தான் கண்டுபிடித்தார்: “பிரிட்ஜ் ‘டக்’ எண்டு நிக்கேக்க பாருங்கோ, படமும் நிக்குது.” குளிர்சாதனப்பெட்டியின் மோட்டர் நிற்கும்போது அதன் தொடுகையில் ஒரு பொறி பிறக்கிறது, அந்தப் பொறி எல்லா அலைவரிசையிலும் ஒரு வெடிச்சத்தம். அது எந்த வழியால் நுழைகிறது என்று பார்த்தால், சுவர் முழுவதும் நல்ல கேபிள் இழுத்த நான், சொக்கற்றிலிருந்து தொலைக்காட்சி வரையான ஒன்றரை மீற்றருக்குப் பெட்டியோடு வந்த மெல்லிய வெள்ளை வயரையே விட்டிருந்தேன். அதுவும் குளிர்சாதனப்பெட்டியின் பின்பக்கத்தை ஒட்டியே போயிற்று. சுருளில் மிஞ்சிய கேபிளில் இரண்டு மீற்றர் வெட்டி, இருபக்கமும் முறையாக முனை பூட்டி, சுவரின் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். அன்று மாலை மாமி குளிர்சாதனப்பெட்டிக்குக் காது கொடுத்தபடி ஒரு மணி நேரம் இருந்து, மூன்று முறை ‘டக்’ என்றது, படம் நிற்கவில்லை என்று அறிவித்தார்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் கேபிள், ஸ்பிளிற்றர், கனெக்ரர்கள், சொக்கற்றுகள் எல்லாம் சேர்ந்து எழுபது பவுணுக்குள் அடங்கின. புதிய அன்ரெனாவும் தொழில்காரரின் கூலியும் அதைப்போல இரண்டு மடங்கு. நான் வாங்கிய குசினிப் பூஸ்டரைக் கடை திருப்பி எடுத்துக்கொண்டது.

வெள்ளைப் பெட்டியையும் கழற்றியாயிற்று, சுவிச்சின் மேலிருந்த நாடாவையும் உரித்தாயிற்று. மாமி இரவு பத்து மணிக்குக் கீழ்மாடியில் எல்லாப் பிளக்குகளையும் வழக்கம்போல நிறுத்திவிட்டு வருகிறார், மாமா மேலே ஸ்னூக்கர் பார்த்துக்கொண்டிருக்கிறார். லொஃப்ட்டில் ஸ்பிளிற்றருக்கு மேலே உள்ள மரச்சட்டத்தில் பென்சிலால் திகதியையும் எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்பதையும் 68, 56, 55, 58, 58 என்ற ஐந்து எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.